கட்டற்ற மென்பொருளைப் பேணும் செலவு யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு தனியாக நிரல் எழுதிப் பிழைப்போருக்கு இனி வேலை இருக்காது என்ற பொருளில் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எந்த நிறுவனத்திலும் சேராமல், தமிழ் எழுத்துகளைக் கணினியில் சீர்படுத்தித் தரும் சிறிய நிரல்தொகுப்பு ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளாக, அதாவது எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள மென்பொருளாகப் பராமரித்து வருகிறவன் என்ற முறையில் சில செய்திகளைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நிரல் எழுதுவதுதான் எங்கள் தொழில் என்று கட்டுரையாளர் எடுத்துக்கொண்டு, அதை இயந்திரம் செய்துவிடும் என்று முடிவு கட்டிவிட்டார். உண்மையில் எங்கள் நேரத்தில் எழுதுவதற்குப் போவது கொஞ்சம். எழுதி முடித்ததை ஆண்டுக்கணக்கில் கெடாமல் வைத்திருப்பதற்குப் போவதே மிகுதி. அந்தப் பராமரிப்பின் செலவை ஏற்க யாரும் முன்வராததுதான் இத்துறையில் இன்று பேசப்பட வேண்டிய சிக்கல் என்பது என் கருத்து.

காலையில் கணினியைத் திறந்ததும் புதிதாக எதையாவது படைக்கத் தொடங்கும் பேறு எனக்கு அபூர்வமாகவே வாய்க்கிறது. முதலில் பயனர்கள் எழுதி அனுப்பிய குறைப்பதிவுகளைப் பார்க்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த நூலை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றும்போது சில பக்கங்களில் மட்டும் எழுத்துகள் சிதைவதாக ஒரு பதிப்பகத்தார் எழுதியிருப்பார். அவர் அனுப்பிய கோப்பைப் பிரித்துப் பார்த்தால், முதல் ஐந்து இயல்கள் ஓர் எழுத்துருவிலும், தட்டச்சாளர் மாறிய பிறகு வந்த இயல்கள் வேறோர் எழுத்துருவிலும் இருக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியேற்றத்துக்கும் பொதுத் தரங்களை முன்வைத்தது; 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆயினும் அதற்கு முன்னும் பின்னும் தனித்தனி எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட கோப்புகள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் குவிந்து கிடப்பதால், தரம் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வேலை ஓய்ந்தபாடில்லை.

அடுத்து, நான் ஒரு வரியைக்கூடத் தொடாத நிரலும் தானாகக் கெட்டுப்போகும் விந்தையைச் சமாளிக்க வேண்டும். என் தொகுப்பு பைத்தான் என்ற நிரல்மொழியில் அமைந்தது. அம்மொழி ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது. 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில், நிரல்களைப் பொதிந்து அனுப்புவதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதி நீக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்துவிட்டுத்தான் நீக்கினார்கள், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அதை நம்பியிருந்த எண்ணற்ற சிறு தொகுப்புகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து திருத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. அப்படித் திருத்துவதால் பயனருக்குப் புதிதாக எந்த வசதியும் கிடைப்பதில்லை. நேற்று ஓடியது இன்றும் ஓடும், அவ்வளவே. ஆகையால் இந்த உழைப்பு எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

வேலையின் தன்மை விளங்குவதற்காக ஒரே ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். 'கௌரி' என்ற பெயரின் முதல் எழுத்தைக் கணினியில் சரியாக உள்ளிட்டால், ககரத்தோடு ஔகாரக் குறி என்ற ஒரே குறி சேரும். பலர் ஒற்றைக்கொம்பைப் போட்டுக் ககரத்தை அடித்து, அதன்பின் ளகரத்தைத் தட்டிவிடுகிறார்கள். அச்சுப் பக்கங்களைப் படித்து எழுத்தாக்கும் நிரல்களும் இதே பிழையைச் செய்கின்றன. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஆகவே ஒரு நூலகப் பட்டியலிலோ பெயர்ப் பதிவேட்டிலோ 'கௌரி' என்று தேடுகிறவருக்குப் பாதிப் பேர் கிடைப்பார்கள், மீதிப் பேர் கிடைக்கமாட்டார்கள்; பதிவேட்டில் பெயரே இல்லை என்று அலுவலர் கைவிரித்துவிடவும் கூடும்.

ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகரம் வந்தால் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் கெளுத்தி மீனும், தெளிவும், வெள்ளமும் குலைந்துபோகும். சரி, ளகரத்தின்மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் மாற்ற வேண்டாம் என்று விதியைத் திருத்தினால், 'மெளனம்' அழகாக 'மௌனம்' ஆகும், 'பெளர்ணமி'யும் நேராகும். அதோடு முடிந்தது என்று எண்ணும்போதுதான், பேச்சுவழக்கில் எழுதப்பட்ட ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்து சேர்கிறது. அதில் ஒருவர் 'கெளம்பிட்டார்'. வீட்டில் 'வெளக்கு' எரிகிறது. அம்மியில் 'மெளகாய்' அரைபடுகிறது. இவை மூன்றிலும் ளகரம் உண்மையான ளகரமே. விதி பொருந்துவதால் நிரல் இவற்றையும் ஔகாரமாக்கி, எந்த வட்டாரத்திலும் எவரும் பேசாத ஒரு தமிழை உண்டாக்கிவிடும். ஆகவே விதியோடு விதிவிலக்குச் சொற்பட்டியல் ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்பட்டியலில் உள்ள பெரும்பாலான சொற்கள் நான் யோசித்துச் சேர்த்தவை அல்ல. பல ஊர்களிலிருந்து பயனர்கள் குறை சொல்லி எழுதியதால் ஒவ்வொன்றாக ஏறியவை.

கட்டுரையாளர் போற்றும் செயற்கை நுண்ணறிவு இந்த இடத்தில்தான் என் வாசலுக்கு வந்தது. அந்தப் பட்டியல் தேவையற்றது என்றும், நேர்த்தியான ஒரே விதியால் அதை அகற்றிவிடலாம் என்றும் முன்பின் அறியாத ஒருவர் ஒரு திருத்தத்தை அனுப்பினார். நிரல் பார்ப்பதற்கு என் எழுத்தைவிட அழகாக இருந்தது; விளக்கக் குறிப்பு பிழையற்ற ஆங்கிலத்தில் இருந்தது; சோதனைகள் அனைத்திலும் தேறியும் விட்டது. எப்படித் தேறியது என்று பார்த்தால், பேச்சுவழக்குச் சொற்களுக்கான சோதனைகளும் 'மிகை' என்ற காரணத்தோடு அதே திருத்தத்தில் நீக்கப்பட்டிருந்தன. 'கெளம்பு' என்ற சொல்லை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அனுப்பியவர் என் கேள்வியை இயந்திரத்திடம் கொடுத்து, அது தந்த நீண்ட பதிலை அப்படியே ஒட்டி அனுப்பினார். அவர் எழுதச் செலவிட்டது சில நிமிடங்களாக இருக்கலாம். அதைப் படித்து, சோதித்து, மனம் நோகாமல் மறுத்து எழுத எனக்கு ஒரு முற்பகல் போயிற்று. எழுதும் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றாகி, சரிபார்க்கும் செலவு முழுவதும் பராமரிப்பாளர் தலையில் வந்து விழுவதுதான் இப்போதைய நிலைமை.

இது தமிழுக்கோ எனக்கோ மட்டும் நேர்ந்ததன்று. இணையத்தில் தரவைப் பரிமாறப் பயன்படும் கர்ல் என்ற மென்பொருள் 1998 முதல் வெளிவருகிறது. கைப்பேசி, தொலைக்காட்சி, மகிழுந்து என்று அது இல்லாத கருவி குறைவு. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் அதன் தலைமைப் பராமரிப்பாளர். பாதுகாப்புக் குறையைக் கண்டுபிடித்துச் சொல்வோருக்குப் பரிசு தரும் திட்டத்தை 2019-இல் அக்குழு தொடங்கியது. இயந்திரம் எழுதிய கற்பனைக் குறைகள் மலைபோல் வந்து குவிந்து, ஒவ்வொன்றையும் பொய்யென நிறுவவே நேரம் போனதால், 2026 ஜனவரியோடு அத்திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். நேர்மையாகச் சொல்வதானால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2025-இல் துறையறிவுள்ள ஆய்வாளர் ஒருவர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு தேடி அனுப்பிய பட்டியலில் உண்மையான பிழைகள் பல இருந்தன என்று ஸ்டென்பர்க்கே பாராட்டினார். நானும் சோதனைகள் எழுதுவதற்கு அத்தகைய கருவியைப் பயன்படுத்துவதுண்டு. எது பிழை, எது பிழையன்று என்று அறிந்தவர் கையில் அது உதவுகிறது. அவ்வறிவு இல்லாதவர் அதைக் கொண்டு செய்யும் வேலையை வேறொருவர் மறுபடியும் செய்ய வேண்டியிருக்கிறது.

பராமரிப்பாளரின் அயர்ச்சி அவருடைய சொந்தக் கவலை என்று ஒதுக்கிவிடுவோர் 2024 மார்ச் மாதம் நடந்ததை அறிந்திருக்க வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய கருவி, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் ஓடும் கணினிகளில் பரவலாக இருப்பது. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் அதை ஏறக்குறைய தனியாளாகப் பேணிவந்தார். 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். 2022-இல் அறிமுகமில்லாத சில பெயர்களில், பதிப்புகள் தாமதமாகின்றன, வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று காலினுக்கு அழுத்தம் தரும் கடிதங்கள் வரத் தொடங்கின. தமக்கு நெடுநாள் மனநலச் சிக்கல் இருப்பதையும், இது ஊதியமில்லாமல் ஆர்வத்தின் பேரில் செய்யும் பணி என்பதையும் அவர் பொதுவெளியிலேயே எழுதிப் பார்த்தார். கடைசியில் உதவ வந்தவரிடமே பாதிப் பொறுப்பு போயிற்று. 2024 பிப்ரவரியில் வெளிவந்த 5.6.0 பதிப்பின் சோதனைக் கோப்புகளுக்குள், பிறர் கணினிக்குள் மறைவாக நுழைய வழிசெய்யும் ஒரு திருட்டுக் கதவு ஒளித்துவைக்கப்பட்டது. மைக்ரோசாஃப்டில் பணிபுரியும், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தொலைக்கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஐயுற்றுத் தோண்டிப் பார்த்திராவிட்டால், உலகின் சேவையகங்களில் பெரும்பகுதிக்கு அந்தக் கதவு போய்ச் சேர்ந்திருக்கும். அக்கதவை உள்ளே நுழைத்தவர் கணினியின் குறையைக் காட்டிலும் ஒரு தனிமனிதரின் சோர்வைத்தான் முதலில் கண்டறிந்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோதும் இதே கதைதான். வங்கிகள் முதல் அரசுகள் வரை நம்பியிருந்த, இணையத் தகவலை மறையாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்புக்கு அதுவரை ஆண்டொன்றுக்குக் கிடைத்துவந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான். அதன்பின் சில நாடுகளும் நிறுவனங்களும் விழித்துக்கொண்டன. ஜெர்மனி 2022-இல் அரசுப் பணத்தில் ஒரு நிதியத்தைத் தொடங்கி, கர்ல் உள்ளிட்ட அடிப்படை மென்பொருள்களின் பராமரிப்புக்கென்றே வழங்கிவருகிறது. இந்தியாவில் பங்கு வணிகச் சேவை நிறுவனமான ஜெரோதா ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தரும் நிதியம் ஒன்றை 2024 அக்டோபரில் அறிவித்தது, பாராட்டுக்குரிய செயல். ஆனால் எல்லாச் சிறு தொகுப்புகளையும் ஒரு தனியார் நிறுவனத்தின் நல்லெண்ணத்தில் தொங்கவிட முடியாது. என் நிலையில் உள்ளவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து யாராவது ஐம்பது டாலர் அனுப்பினாலும், இது நன்கொடையா, ஆலோசனைக் கட்டணமா, மென்பொருள் ஏற்றுமதியா என்று வங்கியில் காரணக் குறியீடு கேட்பார்கள். இவற்றில் எதற்கும் முழுமையாகப் பொருந்தாத ஒரு தொகைக்கு ஏதோ ஒரு கட்டத்தில் குறியிட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது.

இலவசமாகக் கொடுத்துவிட்டு இப்போது கூலி கேட்பது என்ன நியாயம் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கட்டற்ற மென்பொருளின் உரிமங்கள் பெரும்பாலும், 'உள்ளது உள்ளபடி தருகிறோம், எந்த உத்தரவாதமும் இல்லை' என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. நிரலை எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. அதற்கு நான் ஒரு காசும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் எடுத்துக்கொண்ட நிறுவனம், பாதுகாப்பு நடைமுறைகள் குறித்த நீண்ட வினாப்பட்டியல் ஒன்றை எனக்கு அனுப்பி, பத்து வேலை நாள்களுக்குள் நிரப்பித் தர வேண்டும் என்று கெடு வைக்கும்போது, அது நிரலைக் கடந்து என் நேரத்தைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து, அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பரில் தொடங்கவிருப்பதால், இத்தகைய கடிதங்கள் இனி பெருகும். வணிக நோக்கமில்லாத தனிநபர் நிரலாளர் மீது அச்சட்டம் அக்கடமைகளைச் சுமத்தவில்லை. பொருளை விற்பவர் மீதுதான் சுமத்துகிறது. விற்பவர் அதைக் கீழே தள்ளிவிடப் பார்க்கிறார்.

நம் நாட்டு நிலைக்கு வருகிறேன். கட்டற்ற, திறமூல (மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளுக்கு அரசுத் துறைகள் முன்னுரிமை தர வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2015-லேயே வெளியிட்டது. தமிழகத்தில் அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் அதற்கும் முன்பே, 2007 வாக்கில், தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி வழிகாட்டியது. பயன்படுத்துவதில் நாம் பின்தங்கவில்லை. பேணுவதில்தான் பின்தங்கியிருக்கிறோம். கேரளத்தில் பள்ளிகளுக்கான கைட் அமைப்பு லினக்ஸைத் தன் பாடத்திட்டத்துக்கேற்பத் தானே தகவமைத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்துவருவதை நம்மவர்கள் போய்ப் பார்க்கலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரிக்கென்று தனியே ஒரு வாரியம் அமைத்ததைப் பத்தாம் நூற்றாண்டிலேயே பதிவு செய்த நாட்டில், ஏரியை வெட்டுவதற்கு மட்டும் பணம் ஒதுக்கித் தூர் வாருவதை மறந்துவிடுவது பொருத்தமாக இல்லை.

என் கோரிக்கை பெரிய நிதியம் ஒன்றை உடனே தொடங்க வேண்டும் என்பதன்று. ஒரு மென்பொருளுக்குள் இருக்கும் உட்கூறுகள் என்னென்ன என்ற பட்டியலைப் பெற்று வைத்திருப்பது குறித்து, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. தமிழக அரசின் மென்பொருள் ஒப்பந்தப்புள்ளிகளில் அப்பட்டியலைக் கட்டாயமாக்கி, அதில் ஒரே ஒரு நெடுவரிசையைக் கூடுதலாகச் சேர்க்கலாம்: இந்த உட்கூறைப் பராமரிப்பவர் யார், ஒப்பந்தக் காலத்தில் அவருக்குப் பணமாகவோ பணியாளர் நேரமாகவோ நீங்கள் என்ன தரப்போகிறீர்கள். 'ஒன்றுமில்லை' என்று எழுதுவதற்கும் ஒப்பந்ததாரருக்கு உரிமை இருக்கட்டும். அந்தச் சொல் ஆவணத்தில் எத்தனை வரிகளில் திரும்பத் திரும்ப வருகிறது என்று தணிக்கையாளர் ஒருமுறை பார்த்தால் போதும்; எந்தத் துறையின் இணையதளம் எந்த ஒற்றை மனிதரின் ஓய்வு நேரத்தின்மேல் நிற்கிறது என்பது விளங்கிவிடும்.

பொறியியல் கல்லூரிகள் குறித்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திறமூலப் பங்களிப்பு வேலைவாய்ப்புக்கு உதவும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருவது நல்லதே. ஆனால் பங்களிப்பு என்பதை அனுப்பிய திருத்தங்களின் எண்ணிக்கையாகச் சுருக்கிவிட்டதன் விளைவை 2020 அக்டோபரில் உலகமே பார்த்தது: ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற பங்களிப்பு நிகழ்வில் டி-சட்டைப் பரிசுக்காக ஆயிரக்கணக்கானோர் பிறர் திட்டங்களின் விளக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பியதால், நடத்தியவர்கள் இடையிலேயே விதிகளை மாற்ற நேர்ந்தது. 2024 தொடக்கத்தில் இணையச் செயலிகளை உருவாக்க உதவும் எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற தொகுப்பின் பக்கத்தில், காணொளிப் பாடம் ஒன்றைப் பார்த்துவிட்டு நம் நாட்டு மாணவர்கள் வரிசையாகத் தங்கள் பெயரைச் சேர்க்கும் திருத்தங்களை அனுப்பினார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மதிப்பெண்ணை எண்ணிக்கைக்குக் கொடுத்தால் எண்ணிக்கைதான் வரும். ஒரு பருவம் முழுவதும் ஒரே தொகுப்பின் பழைய குறைப்பதிவுகளைப் படித்து, அவற்றில் ஒன்றையாவது மீண்டும் நிகழ்த்திக் காட்டிக் காரணம் எழுதும் மாணவருக்கு மதிப்பெண் தருவார்களானால், எங்களுக்கும் உதவி, அவருக்கும் தொழில் படியும்.

தங்கள் நாளிதழின் வாசகர்களில் நிரலெழுதத் தெரியாதவர்களே மிகுதி என்பதை அறிவேன். தமிழ் மென்பொருளுக்கு அவர்களுடைய உதவி இன்னும் கூடுதலாகத் தேவை. தமிழாசிரியர்களும், மெய்ப்புத் திருத்துவோரும், வட்டார வழக்கில் கதை எழுதுவோரும் தாங்கள் பயன்படுத்தும் செயலியில் ஒரு சொல் தவறாக மாறுவதைக் கண்டால், முகம் சுளித்து விட்டுவிடாமல், அந்தச் செயலியில் உள்ள கருத்துப் பெட்டியில் மூன்று விவரங்களை எழுதி அனுப்பினால் போதும்: தாங்கள் உள்ளிட்ட சொல், அது மாறிய வடிவம், எந்த ஊர் வழக்கு என்பது. தமிழிலேயே எழுதலாம். மேற்சொன்ன விதிவிலக்குப் பட்டியலில் கொங்குப் பகுதிச் சொற்கள் இன்னும் மிகக் குறைவாகவே உள்ளன.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருநெல்வேலி